சாப்பாட்டு மேஜைக்குத் துணி தேவையா?



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, "டைனிங் டேபிளுக்கு டேபிள் கிளாத் போடுவது நல்லதா, போடாமல் விடுவது நல்லதா?" என்று கேட்டிருந்தார். எங்கள் வீட்டு ஆண்கள் அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட அந்த மேஜையைத் துடைத்தது கிடையாது. அந்தத் துணியைத் துவைத்ததும் கிடையாது. அதனால்தான் அவர்களுக்கு அது கேள்வியாகத் தெரியவில்லை. நமக்குத் தெரியும், தினம் மூன்று வேளை வருகிற கேள்வி இது.

நான் கிழக்கு தாம்பரம் பக்கம், சேலையூரில் முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள். மேஜை எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ரெக்ஸின், பிளாஸ்டிக் ஷீட், கைத்தறித் துணி, எம்ப்ராய்டரி துணி, ஒன்றும் போடாத வெறும் மேஜை என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

நம் சாப்பாடு வேறு, அவர்கள் சாப்பாடு வேறு

மேஜைக்குத் துணி விரிப்பது மேல்நாட்டு வழக்கம். அங்கே பழைய காலத்தில் விருந்து சாப்பிடுகிறவர்கள் மேஜை விரிப்பின் ஓரத்திலேயே கையைத் துடைத்துக்கொள்வார்களாம். கை துடைக்க நாப்கின் என்று தனித்துணி வழக்கத்துக்கு வந்தது பிறகுதான். முள்கரண்டியும் கத்தியும் வந்த பிறகு கையில் எதுவும் ஒட்டுவதில்லை. தட்டில் இருப்பது தட்டிலேயே இருக்கும். வெள்ளைத் துணி விரித்தாலும் அவர்களுக்குத் தாங்கும்.

நம் சாப்பாடு அப்படியா? சாம்பாரை வாளியிலிருந்து கரண்டியால் மொண்டு, மேஜைக்கு மேலேயே கொண்டுபோய் ஊற்றுகிறோம். ரசம் சொட்டுகிறது. மோர் சிந்துகிறது. குழந்தை பிசைந்து உருட்டினால் பாதி வெளியே. அப்பளத்தைத் தட்டில் வைக்க இடமில்லாமல் மேஜை மேலேயே வைத்துக்கொள்கிறோம். மஞ்சளும் புளியும் எண்ணெயும் இல்லாத சமையல் நம் வீட்டில் உண்டா?

இன்னொன்றும் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட காலத்தில், இலை எடுத்ததும் அந்த இடத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுத்தான் மறு வேலை. "எச்சில் இடத்தை மிதிக்காதே" என்று பாட்டி கத்துவார். ஆசாரம் என்று சொல்லி அதைத் தள்ளிவிடலாம். ஆனால் அதற்குள் இருந்தது சுத்தம்தான். சாப்பிட்ட இடம் ஒவ்வொரு வேளையும் கழுவப்பட்டது. மேஜைக்கு வந்த பிறகு அந்த வழக்கம் என்ன ஆனது? துணி விரித்த மேஜையை ஒவ்வொரு வேளையும் கழுவ முடியாது. பருக்கையைத் தட்டிவிட்டு, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "சரி, ஞாயிற்றுக்கிழமை துவைத்துக்கலாம்" என்று விடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் எறும்பு வந்துவிடுகிறது, ராத்திரியில் கரப்பான் வந்துவிடுகிறது. மேலே பார்க்க அழகாக இருக்கும் துணி, கிட்டே போனால் புளிச்ச மோர் வாடை அடிக்கும்.

அதனால் என் முதல் கருத்து இது: தினசரி சாப்பாட்டுக்கு, ஒவ்வொரு வேளையும் துடைக்கக்கூடிய வெறும் மேஜைதான் சுத்தம்.

பிளாஸ்டிக் ஷீட் போட்டால் துடைக்கலாமே?

இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். "பூப்போட்ட ஷீட் மீட்டர் கணக்கில் விக்கிறான், வாங்கிப் போட்டா ஒரு துடைப்பில் சுத்தம்" என்று. எங்கள் தெருவில் பத்து வீட்டில் ஏழு வீட்டில் அதுதான். ஆனால் அதைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது பார்த்தீர்களா?

மேஜைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கிவிட்டால் அது காய வழியே இல்லை. மரம் ஊறும். சூடான பாத்திரத்தை வைத்தால் ஆவி உள்ளே மாட்டிக்கொண்டு பாலீஷில் வெள்ளை வெள்ளையாக வளையம் விழும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்கள் விற்கும் இடத்தில் பழைய மேஜைகளைக் கவனித்துப் பாருங்கள், அந்த வளையங்கள் தெரியும். சில மேஜைகளில் ஷீட்டின் பூ டிசைனே பாலீஷில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். காரணம், இந்த ஷீட்டுகள் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். அது இயல்பாக விறைப்பானது. அதை வளையும்படி மிருதுவாக்க ஒரு வகை ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். நாளடைவில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து பாலீஷை இளக்குகிறது. அந்த ரசாயனத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் ரொம்பப் பிடிக்கும். எண்ணெய் சொட்டும் வடையையும் பூரியையும் நேராக ஷீட்டின் மேல் வைத்துக் குழந்தைகள் சாப்பிடும்போது எனக்குப் பகீர் என்றிருக்கும்.

கல்யாணப் பந்திகளில் இலைக்கு அடியில் நீளமாக உருட்டி விரிப்பார்களே, ஒரு தடவை சாப்பிட்டதும் இலையோடு சேர்த்துச் சுருட்டிப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஞாபகம் இருக்கிறதா? தமிழக அரசு 2018 ஜூன் மாதம் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 வகைப் பொருள்களில் 'சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள்' என்றே தனியாக ஒன்று உண்டு. தட்டு, கப், உறிஞ்சுகுழல், கைப்பை என்று எல்லோருக்கும் மற்றவை ஞாபகம் இருக்கிறது. மேஜைத் தாள் மறந்துவிட்டது. இப்போது பந்திகளில் காகித ரோல் விரிக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். வீட்டில் போடும் கனமான ஷீட் ஒரு தடவையோடு போய்விடாது, இரண்டு மூன்று வருஷம் வரும். ஆனால் கிழிந்த பிறகு எங்கே போகும்?

போகிக்குப் போகும்! "பழையன கழிதல்" என்று பாயோடும் துடைப்பத்தோடும் சேர்த்து அந்த ஷீட்டையும் தெருமுனையில் கொளுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பி.வி.சி. எரிந்தால் வரும் புகை சாதாரணப் புகை இல்லை. மூக்கையும் தொண்டையையும் எரிக்கும் அமிலப் புகையோடு, டையாக்ஸின் என்ற நச்சும் வரும். 2018 போகி அன்று காலையில் புகையும் பனியும் சேர்ந்து மூடி, மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனதை நம் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியாது. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் அன்று வாசலில் கோலம் போட வந்தவர்கள் இருமிக்கொண்டே போட்டோம். விமானத்தையே நிறுத்துகிற புகை, கைக்குழந்தையின் நெஞ்சை என்ன செய்யும்?

சரி, துணியே போடலாம். யார் துவைப்பது?

இங்கேதான் விஷயம் நம் தலையில் வந்து விழுகிறது. நம் தென்புறநகர்ப் பகுதியில் எத்தனையோ வீடுகள் இன்னும் போர்வெல் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. ஒரு டேபிள் கிளாத்தைக் கையால் துவைத்து அலச எங்கள் வீட்டில் மூன்று பக்கெட் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் ஆறு பக்கெட். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் கிட்டத்தட்ட வற்றிப்போன சமயம், லாரி வருமா வராதா என்று குடத்தோடு வாசலில் நின்றவர்கள் நாம். அந்த மூன்று மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் டேபிள் கிளாத் கிடையாது. தண்ணீர் இல்லாத நாளில் எது தேவை, எது அழகுக்கு என்பது தானாகத் தெரிந்துவிட்டது.

வாஷிங் மெஷின் இருக்கிறதே என்பார்கள். மெஷினில் போடுவதும், எடுப்பதும், உதறிக் காயப்போடுவதும், மடிப்பதும், இஸ்திரி போடுவதும் யார்? மெப்ஸில் வேலைக்குப் போகும் என் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "ஆன்ட்டி, காலையில ஆறரைக்குக் கிளம்பறேன், ராத்திரி வந்தா பாத்திரம். இதுல டேபிளுக்கு வேற டிரெஸ் மாத்தணுமா?" அவள் கேட்டது நியாயம்தானே? "வீடு பார்க்க லட்சணமா இருக்கணும்" என்று சொல்கிறவர் ஒருவர், அந்த லட்சணத்துக்காக முதுகு ஒடிகிறவர் வேறொருவர் என்றால், அந்தத் துணி வேண்டாம். துவைப்பவர் யாரோ, விரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவரே.

குழந்தையும் முதியவரும் உள்ள வீடுகளில்

இந்த இரண்டு விஷயத்தைச் சொல்லத்தான் முக்கியமாகப் பேனாவை எடுத்தேன்.

எங்கள் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பெண்ணின் மூத்த குழந்தை, ஒன்றேகால் வயது, அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தது. மேஜையில் அழகான துணி, ஓரம் ஒரு அடிக்குக் கீழே தொங்கும். மேலே இறக்கிவைத்த ரசம். குழந்தை துணியைப் பிடித்து எழுந்தது. துணியோடு பாத்திரமும் வந்தது. நல்லகாலம், ரசம் தோளில் மட்டும் பட்டது. ஒரு பாட்டி உடனே குழாயைத் திறந்து குழந்தையைத் தண்ணீரில் காட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் பற்பசை கொண்டா, இங்க் கொண்டா என்று கத்தினார்கள். அவர் யாருக்கும் காது கொடுக்கவில்லை. டாக்டரும் அவர் செய்ததே சரி என்றாராம். சூடு பட்டால் சாதாரணக் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஓடவிட வேண்டும். பற்பசை, இங்க், மாவு, ஐஸ் எதுவும் வைக்கக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தவழும் குழந்தை, நடை பழகும் குழந்தை உள்ள வீட்டில் தொங்கும் துணி வேண்டவே வேண்டாம் சகோதரிகளே. பேரக்குழந்தை லீவுக்கு வரும்போதும் எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று நங்கநல்லூரில் என் அக்கா வீட்டில் நடந்தது. அக்காவின் மாமனாருக்கு எண்பது வயது. கை நடுக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த மகள் ஆசையாக வெள்ளையில் எம்ப்ராய்டரி போட்ட டேபிள் கிளாத் கொண்டுவந்து விரித்தாள். நாலு நாள் கழித்து அவர், "எனக்குத் தட்டை என் ரூமுக்கே கொடுத்துடும்மா. உட்கார்ந்தா முதுகு வலிக்கிறது" என்றார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அக்காவின் மாமியார்தான் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "முதுகெல்லாம் இல்லே. அன்னிக்கு மோர்க்குழம்பு சிந்திடுத்து. எல்லாரும் ஒண்ணுமே சொல்லலே. ஆனா எல்லாரும் துணியைப் பார்த்தீங்க." அக்கா அன்று ராத்திரியே துணியை மடித்து வைத்துவிட்டாள். மறுநாள் வெறும் மேஜையில் அவர் இடத்தில் ஒரு தட்டையும் டம்ளரையும் வைத்து, "மாமா, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிட்டாள். வந்தார். முதுகு வலி போன இடம் தெரியவில்லை!

மேஜை எதற்கு? எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடத்தானே? ஒருவரை அங்கிருந்து எழுப்பிவிடும் துணி எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதற்கு அந்த மேஜையில் இடம் கிடையாது.

அப்படியானால் துணியே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பண்டிகை, பிறந்தநாள், பெண் பார்க்க வரும் நாள், தூரத்துச் சொந்தம் வரும் நாள் என்றால் எங்கள் வீட்டிலும் துணி உண்டு. விரித்ததும் கூடமே வேறு மாதிரி ஆகிவிடும். எவர்சில்வர் பாத்திரம்கூட அன்று கொஞ்சம் கூடுதலாகப் பளபளக்கும். ஆனால் விருந்து முடிந்த அன்றே அது துவைக்கப் போய்விடும். மறுநாள் மறுபடி வெறும் மேஜை.

துணி வாங்குவதானால் பருத்தியே வாங்குங்கள். ஒரு வேடிக்கை பாருங்கள். நம் கரூரில் தறியில் நெய்து, அங்கேயே தைத்து அனுப்பும் மேஜை விரிப்பும் நாப்கினும் சமையலறைத் துண்டும்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ வீட்டு மேஜைகளை அலங்கரிக்கின்றன. நம் பெண்கள் உழைத்துச் செய்த நல்ல பருத்தி அங்கே, பூப்போட்ட பிளாஸ்டிக் இங்கே! 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் கைத்தறி விரிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். தீபாவளித் தள்ளுபடி சமயத்தில் வாங்கினால் பட்ஜெட்டுக்கும் நல்லது. அடர்ந்த நிறத்தில் கட்டம் போட்டதாக எடுத்தால் கறை அவ்வளவாகத் தெரியாது.

புதிதாக வாங்கவே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு யோசனை. உடம்பு நன்றாக இருந்து முந்தானை மட்டும் கிழிந்த பழைய பருத்திப் புடவை எல்லா வீட்டிலும் இருக்கும். புடவை ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 அங்குல நீளம், 45 அங்குல அகலம். நாலு பேர் உட்காரும் மேஜை பெரும்பாலும் 48 அங்குலத்துக்கு 30. நான்கு பக்கமும் ஆறு அங்குலம் தொங்கினால் போதும். மடித்துத் தைப்பதற்கும் சேர்த்து 62 அங்குலமாக வெட்டினால் மூன்று விரிப்பு கிடைக்கும். மீதி முப்பது அங்குலத்தில் நாலு கைத்துண்டு! முந்தானையின் கிழிசல் இந்த மீதியிலேயே வரும்படி பார்த்து வெட்டுங்கள். பழைய புடவை என்பதால் இனிமேல் சுருங்காது, சாயமும் போகாது. புதுத்துணி என்றால் தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே குட்டையாகிவிடும்.

கறைக்குச் சில குறிப்புகள்:

மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் குங்குமச் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம். சோப்பில் உள்ள காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் ஆகும். நன்றாக அலசி நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால் தானே வெளுத்துவிடும். மஞ்சளுக்கு வெயிலைவிடப் பெரிய மருந்து இல்லை.

எண்ணெய் சிந்தினால் உடனே தேய்க்காதீர்கள், பரவிவிடும். கடலை மாவோ அரிசி மாவோ தூவி கால் மணி நேரம் விட்டுத் தட்டிவிட்டுப் பிறகு துவையுங்கள்.

காபிக் கறை காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அது ஆயுசுக்கும் கூடவே வரும்.

விரிப்பதற்கு முன் லேசாகக் கஞ்சி போட்டால் கறை நூலுக்குள் இறங்காமல் கஞ்சியிலேயே நின்று, துவைக்கும்போது கஞ்சியோடு போய்விடும். ஆனால் பீரோவில் எடுத்து வைக்கும்போது கஞ்சி இருக்கக் கூடாது. பூச்சி அரித்துவிடும்.

தினசரிக்கு எங்கள் வீட்டு ஏற்பாடு

சூடான பாத்திரத்துக்கு அடியில் பிரிமணை. நம் பாட்டிகள் வைக்கோலிலும் தேங்காய் நாரிலும் சுற்றி வைத்தார்களே, அதேதான். தட்டுக்கு அடியில் ஆளுக்கு ஒரு சின்ன விரிப்பு. கோரைப் பாயில் பட்டமடையில் சின்னச் சின்னதாக நெய்கிறார்கள், பார்க்கவும் லட்சணம். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும், ஊறவைக்கக் கூடாது. கோரை கிடைக்காவிட்டால் கெட்டியான பருத்தித் துணியில் தைத்துக்கொள்ளலாம். ஒரு கை சலவைதான், அரை பக்கெட் தண்ணீர்.

மேஜையின் மேல்பலகை சன்மைக்காவோ கண்ணாடியோ கிரானைட்டோ என்றால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒரு தடவை ஒற்றிவிடுங்கள். தேக்கு மரம் என்றால் தண்ணீர் நிற்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டமும் உண்டு. அவரவர் சாப்பிட்ட இடத்தை அவரவர் துடைக்க வேண்டும். அவரவர் விரிப்பை அவரவர் உதறி மாட்ட வேண்டும். இதில் ஆண், பெண், பேரன், பேத்தி, விருந்துக்கு வந்த சம்பந்தி என்ற பேதம் கிடையாது (சம்பந்திக்கு மட்டும் முதல் நாள் விதிவிலக்கு!). ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். இப்போது பழகிவிட்டது. சிந்தினால் தானே துடைக்க வேண்டும் என்று தெரிந்ததிலிருந்து சிந்துவதும் குறைந்திருக்கிறது!

கேள்வி கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான்: தினமும் வேண்டாம், விசேஷத்துக்குப் போடுங்கள், பிளாஸ்டிக்கை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். உங்கள் வீட்டில் குழந்தையோ, கை நடுங்கும் பெரியவரோ இருந்தால் விசேஷத்துக்கும் யோசித்துப் போடுங்கள்.

"எங்கள் வீட்டில் தினமும் துணிதான், ஒரு சிரமமும் இல்லை" என்று சொல்லும் தோழிகளும் இருப்பீர்கள். அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்களேன். முக்கியமாக, யார் துவைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்!

– ஒரு குடும்பத் தலைவி,
சேலையூர், கிழக்கு தாம்பரம்.